கழுத்துக்குள் கசிந்த ரத்தம்

இடது கண்ணில் மேலிருந்து கீழாக ஒரு திரை இறங்கியது. பூந்தமல்லியில் எனக்கு டூவீலர் உதிரிபாகக் கடை. பிரேக் கேபிள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வலி இல்லை. சில நிமிடங்களில் திரை தானாக விலகியது. மெட்ரோவுக்காகத் தோண்டும் புழுதி என்று நினைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டேன்.

மறுபடி அப்படி நடந்தபோது மூக்குக்கண்ணாடி விற்றவர்மேல் சந்தேகம் வந்தது. மனைவி நூர்ஜஹான் என்னைக் கண் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு இல்லை, கழுத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்றார். கண்ணுக்கு வந்தவனைக் கழுத்துக்கு அனுப்புகிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் ஸ்கேன் எடுத்தேன். இடது கரோட்டிட் தமனியில் (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய்) பிளேக் (குழாய்ச் சுவருக்குள் சேரும் கொழுப்புப் படிவு) இருந்தது. அடைப்பு பாதி அளவுதான். இருந்தும் அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் ரத்தக்குழாய் மருத்துவரான ஓர் அம்மா.

“பாதி வழி தொறந்துதானே இருக்கு, டாக்டர்?”

“எவ்ளோ அடைச்சிருக்குன்றத விட உள்ள என்ன நடக்குதுன்றதுதான் முக்கியம், ஐயா. இது சும்மா கிடக்கிற அழுக்கு இல்ல. இதுக்குள்ளயே தலைமுடிய விட மெல்லிசா புது ரத்தக்குழாய்ங்க முளைக்குது. பலமில்லாத குழாய்ங்க. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனி விரியும்போது இதுங்களும் இழுபடும். பிரஷர் ஏறினா இன்னும் மோசம். எங்கயாவது பிஞ்சா உள்ளயே ரத்தம் கசியும். உங்க எம்.ஆர்.ஐ.ல அந்தக் கசிவு தெரியுது. அப்படிப்பட்ட படிவு சீக்கிரம் உடையும். ஒரு துணுக்கு கண்ணுக்குப் போச்சு. அடுத்தது மூளைக்குப் போகலாம்.”

“இழுபட்டுத்தான் பிஞ்சுதுன்னு நிச்சயமா சொல்றீங்களா?”

“பெரும்பாலும் அப்படித்தான்னு நினைக்கிறோம். முழுசாத் தெரியாது.”

அந்த நேர்மையே என் சந்தேகத்தைக் கூட்டியது. முழுதாகத் தெரியாததற்குக் கத்தி எதற்கு?

நூர்ஜஹானின் தம்பி காதர் ஐயப்பன்தாங்கலில் ஆட்டோ ஓட்டுபவன். “கத்தி வைக்கிறதுக்குன்னே உக்காந்துகினு கீறாங்க, மச்சான். மாத்திரையப் போட்டுகினு ஊட்ல இரு” என்றான். எனக்கு வேண்டிய பதில் அது. நூர்ஜஹான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் சரியில்லை.

மாத்திரையோடு இருந்தேன். ஆனால் மருத்துவரை நம்பாவிட்டாலும் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. படியேறினால், பெட்டி தூக்கினால், யார்மேலாவது கத்தினால், உள்ளே ஏதோ ஒரு நூல் இழுபடுவதாகத் தோன்றும். கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். துடிப்பு ஒழுங்காக இருந்தாலும் அதையும் நம்பவில்லை.

ஒரு காலை காதரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். “சாவி” என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

“இன்னா மச்சான் உளர்ற? ஒண்ணும் பிரியல. போனை அக்கா கைல குடு!”

அவனே ஆட்டோவோடு வந்தான். மருத்துவமனை வாசலில் எனக்குப் பேச்சு திரும்பிவிட்டது. வீட்டுக்கே போகலாம் என்றேன். அவன் என் கையை விடவில்லை.

“பயமா கீது மச்சான். ஆபரேஷன் பண்ணிக்க.”

பண்ணிக்கொண்டேன். அறுவைக்குப் பிறகு மருத்துவர் ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். மஞ்சள் படிவு. அதன் நடுவே கருஞ்சிவப்பாக ஒரு திட்டு.

“இது என்னோடதுதானா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நூர்ஜஹான் சிரிக்கவில்லை. குப்பியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது கண்ணில் அப்படி ஒரு திரை இறங்கினால், அது விலகிவிட்டதை நம்பாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகங்களை அங்கே வைத்துக் கேளுங்கள்.

வலது கழுத்திலும் சிறிதாகப் படிவு இருக்கிறது. அதற்கு மாத்திரை போதுமாம். ரத்த அழுத்தம் ஏறக்கூடாது.

தொழுகை முடிவில் வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பி சலாம் கொடுக்க வேண்டும். முன்பு அதைக் கவனித்ததே இல்லை. இப்போது துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாகத் திரும்புகிறேன். தையல் போட்ட இடப்பக்கம் சுரீரென்று இழுக்கிறது. அந்தப் பக்கத்தை நம்புகிறேன். வலியே இல்லாத வலப்பக்கத்தைத்தான் நம்ப முடியவில்லை.