இரட்டையரில் ஒருத்திக்கு மட்டும்

ஷைனியின் உதடு வீங்கியதை முதலில் பார்த்தவள் அவளோடு பிறந்த இரட்டை, பெனிட்டாதான். "அம்மா, இவ மூஞ்சி என்னைய மாதிரி இல்ல" என்றாள்.

இருவருக்கும் அப்போது நான்கு வயது. நான் பள்ளி ஆசிரியை. என் கணவர் ஸ்டீபன் திரேஸ்புரத்தில் மீன் வியாபாரம் செய்கிறார். அன்று அவர் கொண்டுவந்த இறாலில் தொக்கு வைத்திருந்தேன். அதற்கு முன்பும் இருவரும் இறால் சாப்பிட்டிருக்கிறார்கள்.

சற்று நேரத்தில் ஷைனியின் கழுத்தில் தடிப்புகள் வந்தன. இருமினாள், வாந்தி எடுத்தாள். ஆட்டோவில் என் மடியிலேயே துவண்டுவிட்டாள். மருத்துவமனையில் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. அனாஃபிலாக்சிஸ் (உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமை) என்றார் டாக்டர்.

சில வாரங்கள் கழித்து இருவருக்கும் தோல் குத்துப் பரிசோதனை (உணவுச் சாற்றை ஒரு துளி வைத்துத் தோலை லேசாகக் குத்திப் பார்ப்பது) செய்தார்கள். ஷைனியின் கையில் இறாலுக்கும் நண்டுக்கும் தடித்தது. பெனிட்டாவின் கையில் ஒன்றுமில்லை.

ஸ்டீபனின் அக்காவால், என் மதினியால், இதை நம்ப முடியவில்லை. "ஒரே வயித்துல கெடந்த பிள்ளைய ரெண்டும். ஒருத்திக்கு மட்டும் எப்படி வரும்? நீ அவளுக்கு ஒழுங்காப் பால் குடுத்திருக்க மாட்ட."

பிறந்தவுடன் ஷைனி நுரையீரல் தொற்றால் தனிப் பிரிவில் இருந்தாள். அந்த நாட்களில் பெனிட்டா மட்டுமே என்னிடம் பால் குடித்தாள். அதனால் மதினியின் சொல் எனக்குள் தங்கிவிட்டது.

அடுத்த முறை மதினியும் உடன் வந்தார். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா, கரப்பான் (அரிப்புடன் வரும் தோல் நோய்) உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"எங்க வீட்டுல ஒருத்தருக்கும் கெடையாது" என்ற மதினி, சற்றுப் பொறுத்து, "தம்பிக்குச் சின்னதுல கரப்பான் இருந்துச்சு. பனிக்கு மூச்சு இழுப்பும் வரும்" என்றார்.

"அந்த உடல்வாகு பரம்பரையா வரலாம். ரெண்டு பிள்ளைகளுக்குமே வந்திருக்கும்" என்றார் டாக்டர்.

"அப்போ பெனிட்டாவுக்கு ஏன் ஒண்ணும் இல்ல, டாக்டர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் மரபணு ஒண்ணுதான், டீச்சர். ஆனா எந்த மரபணு வேலை செய்யணும், எது அடங்கி இருக்கணும்ங்கறது ரெண்டு உடம்புலயும் ஒரே மாதிரி இருக்காது. கருவுல கெடைச்ச ரத்தம், பிறந்ததும் வந்த நோய், குடுத்த மருந்து, குடல்ல வளர்ற கிருமி, இதெல்லாம் அதை மாத்தலாம்."

இதைத்தான் எபிஜெனெடிக்ஸ் (மரபணு மாறாமலே அது செயல்படும் விதம் மாறுவது) என்கிறார்கள்.

"பால் குடுக்காததாலயா?"

"இதனாலதான்னு ஒண்ணைக் கைகாட்ட எங்களாலயே முடியாது. நீங்களும் தேடாதீங்க."

வெளியே வந்ததும் மதினி என் தோளில் கிடந்த பையை வாங்கித் தான் மாட்டிக்கொண்டார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவும் இல்லை.

எங்கள் வீட்டில் இறாலும் நண்டும் சமைப்பது நின்றது. வேகும் ஆவிகூட ஷைனிக்கு ஆகாது. ஸ்டீபன் வந்ததும் குளித்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொடுவார். அன்று மருத்துவமனையில் போட்ட அதே அட்ரினலின் ஊசியைத் துணிக்கு மேலாகவே தொடையின் வெளிப்பக்கம் போடக் கற்றுக்கொண்டேன். நாங்கள் எங்கு போனாலும் அது கூடவே வரும்.

ஏழு வயதில் அது தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் ஷைனிக்கென்று உருளைக்கிழங்கு கட்லெட் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். ஆள் மாறி அதைப் பெனிட்டாவிடம் கொடுத்துவிட்டு, இறால் கட்லெட்டை ஷைனியிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாய்தான் தின்றிருப்பாள். "அம்மா, தொண்டை என்னமோ செய்யி" என்று வந்தாள். ஊசியை எடுத்துத் தொடையில் போட்டேன். உடனே மருத்துவமனைக்குப் போனோம். இரவு கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். இதே நிலையில் உள்ள பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஊசி, பிறகு ஆட்டோ.

வீடு திரும்பியதும் ஷைனி, "எனக்கு முடிய வெட்டி விடுங்க. ஆளு தெரியட்டும்" என்றாள். காதுவரை வெட்டினோம்.

இறால் ஒவ்வாமை பலருக்கும் நீங்குவதில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து மறுபடி பரிசோதிப்போம். முன்பெல்லாம் ஓர் உடம்பு பிறப்போடு முடிவாகிவிடுகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது எந்த உடம்பைப் பற்றியும் இன்றைக்கு இப்படி என்று மட்டுமே என்னால் சொல்ல முடிகிறது.

சென்ற வாரம் பெனிட்டா கேட்டாள்: "எனக்கும் இது வருமா?"

"தெரியலம்மா. இன்னைக்கு இல்ல."

"அப்போ அத்தை வீட்டுல போயி இறால் தின்னுட்டு, கை, வாயெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாரேன்."

ஷைனி தலையைத் தூக்காமல் படம் வரைந்துகொண்டே, "சட்டையையும் மாத்திட்டு வா" என்றாள்.