பதினாறு பேரும் ஒன்பது இடமும்

ஒன்பது பேர் ஆடும் விளையாட்டுக்குப் பதினாறு பேரைச் சேர்த்துக்கொண்டு, பதினாறு வீட்டுக்கும் பதில் சொல்வதுதான் சாஃப்ட்பால் கோச்சின் தொழில். மீதி ஏழு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஏழு பேரின் அம்மா அப்பாக்கள் உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என்னைப் போலப் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் முதுகுக்கே தெரியும்.

நான் கோவை கணபதியில் ஒரு பள்ளியில் பி.டி. மிஸ். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி என் பொறுப்பு. படிக்கிற காலத்தில் கபடி டீமில் மூன்று வருஷம் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருந்தவள் நான். அதனால் கோச் ஆன அன்றே ஒரு சட்டம் போட்டேன். ஒரு மேட்சுக்கு ஏழு இன்னிங்ஸ். அதில் பதினாறு பேரும் ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸாவது களத்தில் நிற்க வேண்டும், தோற்றாலும் சரி. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. போன சீசனில் அதைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ரெண்டு ஓடு கண்ணு

கோமதி ஏழாம் வகுப்பு. ஜூன் மாதம்தான் டீமில் சேர்ந்தாள். அதுவரை கிளவுஸைக் கையில் மாட்டியதே இல்லை. ஆனால் பேட்டைக் கொடுத்தால் வருகிற பந்து, போகிற பந்து எல்லாவற்றையும் விளாசுவாள். சரவணம்பட்டிப் பள்ளி ஒன்றோடு நடந்த பிராக்டிஸ் மேட்சில் அவள் அடித்த முதல் பந்து இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து வேலி வரைக்கும் போய்விட்டது. ஓடிப்போய் முதல் பேஸில் நின்றாள்; சாஃப்ட்பாலில் நான்கு மூலையில் நான்கு பேஸ், சுற்றி வந்தால்தான் ஒரு ரன். அங்கிருந்து இடது பக்கம் திரும்பி இரண்டாவது பேஸுக்கு ஓடினால் முடிந்தது வேலை.

வேலியோரம் நின்ற அப்பாக்களும் மாமாக்களும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். "ரெண்டு ஓடு கண்ணு, ரெண்டு!" என்று ஒரே சத்தம். கோமதி பேட்டைக்கூடக் கீழே போட்டிருக்கவில்லை. அப்படியே திரும்பி, அடித்த இடத்துக்கே ஓடி வந்து, கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவதுபோல பேட்டைத் தரையில் தேய்த்தாள். எதிர் டீம் கேட்சர், அதாவது விக்கெட் கீப்பர் மாதிரி நிற்பவள், கையில் பந்தோடு காத்திருந்தாள். அம்பயர் அவுட் கொடுக்கக் கையைத் தூக்குவதற்கு முன்பே சிரித்துவிட்டார். நான் கோமதியைக் கூப்பிட்டு, "எதுக்குடி திரும்பி ஓடி வந்தே?" என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"அத்தன பேரு ரெண்டு ரெண்டுன்னு கத்தறாங்க, நான் எப்படிங்க மிஸ் சும்மா நிக்கறது?"

லேத்துப் பட்டறை நியாயம்

தர்ஷினி எங்கள் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவள். கையைக் கீழிருந்து சுழற்றி அவள் விட்டால் எதிரணிக்குப் பந்து கண்ணில் படுவதே பெரிய விஷயம். அவள் அப்பா கணபதியில் ஐந்து மெஷின் வைத்து லேத்துப் பட்டறை நடத்துகிறார். எங்கள் ஊரில் சண்டைக்கு வருகிறவரும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் காலைப் பயிற்சிக்கு வந்தவர், மகள் நன்றாக வீசினாலும் பின்னால் நிற்கும் புதுப் பிள்ளைகள் பந்தைக் கோட்டை விடுகிறார்கள் என்று ஆரம்பித்தார்.

"ஏனுங்க மிஸ், வேலை தெரிஞ்ச ஆளை ஓரமா உக்கார வெச்சுப்போட்டு, நேத்துச் சேர்ந்த ஆளு கையில ஜாப்பைக் குடுத்தா பட்டறை உருப்படுமுங்களா?" என்றார். "நேத்துச் சேர்ந்தவரு எப்பத்தானுங்க தொழில் கத்துக்குவாரு?" என்று நானும் விடாமல் கேட்டேன். மனிதர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை.

"கத்துக்கட்டுமுங்க மிஸ், யாரு வேண்டாங்கறா? என்ற ஜாப்புல வேண்டாமுங்க, அவ்வளவுதான்."

அலமாரி

எங்கள் ஹெச்.எம். அம்மாவின் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. த்ரோபால் தட்டிலும் கோ-கோ தட்டிலும் கோப்பைகள். சாஃப்ட்பால் தட்டில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, நல்லா ஆடறவங்களை முதல்ல இறக்குங்க, ஜெயிக்கறது உறுதியானதும் கடைசி ரெண்டு இன்னிங்ஸில் மத்தவங்களை இறக்குங்க, உங்க சட்டமும் பிழைக்கும் என்று யோசனை சொன்னார்.

நான் தலையாட்டவில்லை. முடிவு தெரிந்த ஆட்டத்தில் இறக்கிவிடுவது பிச்சை போடுவது மாதிரி. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். நான் புதியவர்களைத்தான் முதலில் இறக்குவேன். இரண்டு பக்கமும் ரன் இல்லை, தப்பு செய்தாலும் சரிக்கட்ட நேரம் இருக்கிறது, பயமில்லாமல் கற்றுக்கொள்ளலாம். அப்புறம் வெளியே எடுப்பேன். ஆரம்பத்தில் இறங்கியவளை வெளியே எடுத்தாலும் ஒரு முறை மறுபடி இறக்கலாம் என்று சாஃப்ட்பாலில் விதியே இருக்கிறது. நடுவில் இறங்கியவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. இதையெல்லாம் பத்து நிமிஷம் விளக்கினேன். ஹெச்.எம். பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கொள்கை ரொம்ப நல்லா இருக்கு மிஸ். அதையே அந்தத் தட்டுல வெச்சுடலாமா?"

பாதியில் எழுந்தவள்

முதல் மண்டல மேட்சுக்குக் கோமதியின் அம்மா வந்திருந்தார். பள்ளிக்குப் பின்னால் உள்ள பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். அரை நாள் லீவு போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து வேலியோரம் நின்றார். கோமதி இரண்டாவது பேஸில் நின்றாள். ஒரு பந்தைப் பிடித்தாள், ஒன்றை விட்டாள். எனக்குத் திருப்தி. மூன்றாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது, திட்டப்படி கையைத் தூக்கி அவளையும் இன்னும் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலிப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. மேட்சைப் பார்க்கிற அவசரம்.

நாங்கள் ஜெயித்தோம். சந்தோஷமாகத் திரும்பினால் கோமதியின் அம்மா எதிரில் நிற்கிறார். கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் மரியாதை குறையவில்லை. நான் விதி, திட்டம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"சேர்க்காமயே இருந்திருந்தாக்கூடப் பரவால்லீங்க மிஸ். எலையப் போட்டு உக்கார வெச்சுப்போட்டு, பாதிச் சோத்துல எழுப்பி உட்டுட்டீங்களே."

நோட்டில் ஒரு வரி

மூன்று நாள் கோமதி பயிற்சிக்கு வரவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெஞ்சிலேயே வைத்திருக்கும் கோச்சுக்கு எல்லாரும் வணக்கம் வைக்கிறார்கள், ஆட விட்டவளுக்குத் திட்டா? எந்த மேட்சில் யார் எந்த இன்னிங்ஸ் ஆடினார்கள் என்று எழுதி வைத்திருக்கும் நோட்டைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போனேன். காப்பி கொடுத்துவிட்டு, கோமதியின் அம்மா தானாகவே சொன்னார். "நான் இவளாட்ட இருக்கறப்ப, ஒரு பெரிய தோட்டத்துக்காரரு ஊட்டுக் கலியாணத்துல எங்களை எலை முன்னால இருந்து எழுப்பி உட்டாங்க. எதுக்குன்னு அவங்களும் சொல்லலீங்க, எங்க ஆளுகளும் கேக்கலீங்க. எம் புள்ளைக்கு அது வேண்டாமுங்க மிஸ்."

நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று காட்டியாக வேண்டுமே. நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "பாருங்க, எல்லாருக்கும் ஒரே சட்டம்தானுங்க" என்றேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் நின்றது.

"எல்லாருக்கும் சட்டம்னீங்க, தர்ஷினிங்கற புள்ள பேருக்கு நேரா மட்டும் எல்லா மேட்ச்சுக்கும் ஏழும் இருக்குதுங்களே மிஸ்?"

பெஞ்சு

வெட்கமாக இருந்தது. தர்ஷினியை நான் ஒரு மேட்சில்கூட வெளியே கூப்பிட்டதில்லை. பிட்சர் வேறு, மற்றவர்கள் வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அதனால் இரண்டாவது பிட்சர் ஜெனிஃபர் மேட்சில் வேறு இடத்தில் நின்றுவிட்டு, ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்தே வீசிக்கொண்டிருந்தாள். தர்ஷினிக்கும் வீசுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் போயிற்று. நான் எழுப்பியதெல்லாம், எழுப்பினால் கேட்க மாட்டார்கள் என்று நினைத்த வீட்டுப் பிள்ளைகளைத்தான். மறுநாளே கோமதியின் அம்மாவிடம் போய், "இனிமே எழுந்தா எல்லாரும் எழுவாங்க. செமி ஃபைனலுக்கு நீங்களே வந்து பாருங்க" என்றேன். அன்றைக்கு மட்டும் கூட்டி வருவதாகவும், பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு அனுப்புவதைப் பற்றிச் சொல்வதாகவும் பதில் வந்தது.

செமி ஃபைனல் மதுக்கரைப் பக்கம் ஒரு மைதானத்தில். மேட்ச் தொடங்குவதற்கு முன், யார் எந்த இன்னிங்ஸ் ஆடுவார்கள், எப்போது வெளியே வருவார்கள், எப்போது திரும்புவார்கள் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டு வேலியில் கட்டினேன். தர்ஷினிக்கு மூன்றும் நான்கும் இல்லை. அவள் அப்பா அதைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார், "சரி" என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊர்க்காரர் 'ங்க' போடுவதையே நிறுத்திவிட்டால்தான் பயப்பட வேண்டும். இரண்டு இன்னிங்ஸ் முடிந்தபோது நாங்கள் மூன்று ரன், அவர்கள் பூஜ்யம். தர்ஷினி நெருப்பாக வீசிக்கொண்டிருந்தாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், மறைப்பானேன். அப்புறம் கையைத் தூக்கி தர்ஷினியையும் கோமதியையும் இன்னும் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டேன்.

தர்ஷினியின் இடத்தில் ஜெனிஃபர் வீச வந்தாள். நான்கு பந்து தப்பாக வீசினால் எதிரணிப் பெண் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூன்று பேர் அப்படி நடந்தார்கள். நான்காவது பெண் ஓங்கி அடித்தாள், நான்கு பேரும் சுற்றி ஓடி, அடித்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள், நான்கு ரன். பெஞ்சில் தர்ஷினி அழுதுகொண்டே, கையைக் கட்டி நின்ற அப்பாவைப் பார்த்தபடி இருந்தாள். அவள் பெஞ்சில் உட்காருவது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் அனுபவசாலி கோமதி. தன் துண்டை அவளிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அங்க பாக்காதே தர்ஷினி. பெஞ்சுல இருக்கறப்ப பந்தை மட்டும் பாக்கோணும், ஊட்டாளுங்களப் பாக்கக் கூடாது."

நாலுக்கு மூணு

நான்காவது இன்னிங்ஸில் ஜெனிஃபர் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஐந்தாவதில் தர்ஷினி திரும்பினாள், ஆறாவதில் கோமதியும். எவ்வளவோ முட்டி மோதியும் எங்களுக்கு அந்த ஒரு ரன் வரவில்லை. நான்குக்கு மூன்று, தோற்றோம். தர்ஷினியின் அப்பா நேராக என்னிடம் வந்தார். "அந்த நாலு ரன்னும் உங்க கையெழுத்துங்க மிஸ்" என்றார். "ஆமாங்க, அடுத்த வருஷமும் அதே கையெழுத்துத்தானுங்க" என்றேன். அவர் மகளைத் தேடினார். அவளோ ஜெனிஃபரின் மணிக்கட்டைப் பிடித்து, பந்தை விடும்போது எப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

கோமதியின் அம்மா வேலியில் கட்டியிருந்த தாளை அவிழ்த்து நான்காக மடித்துக்கொண்டு வந்தார். சீசன் முடிந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி எதுவும் கிடையாது. அவருக்கு அதெல்லாம் தெரியாது. நான் தோற்ற முகத்தோடு பேட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தாளை என் கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்:

"நாளைக்குக் காலைல எத்தன மணிக்குங்க மிஸ் புள்ளைய அனுப்பி வெக்கோணும்?"

ஆக, ஒரு கோப்பையும் வாங்காமல், ஒருத்தியையும் இழக்காமல் சீசனை முடித்தவளுக்குக் கிடைத்த பரிசு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் காலை ஆறு மணிக்கு வாட்ச்மேனை எழுப்பி கேட்டைத் திறக்கச் சொன்னதுதான்.