எந்த வேலையும் இல்லாத மலை

இன்று மதியம் கம்பத்தில், என் பெரியம்மா மகள் ஜீனத் அக்கா வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் ஆளே இல்லை. "நாலு மணிக்குக் கரண்ட் போயிரும், அதுவரைக்கும் ஆடு" என்று ஒரு புது கேமைப் போட்டுக் கொடுத்தாள்.

இதுவரை நான் ஆடியதெல்லாம் ஒரே வழியில் ஓடுகிற கேம்கள். பின்னால் திரும்பினால் சுவர் இருக்கும். இதில் ஒரு குதிரைக்காரன் வெட்டவெளியில் சும்மா நின்றான்.

"எங்க போகணும்க்கா?"

"எங்கன வேணாலும் போ."

எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் இருக்கும் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. குதிரையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

தூரத்தில் ஒரு மலை தெரிந்தது. பழைய கேம்களில் மலை என்பது பின்னால் வரைந்த படம்தான். இது போகப்போகப் பெரிதானது.

நடுவில் விளைந்த சோளக்காடு. குதிரையை விட்டு இறங்கி, ஓரமாகவே நடத்திச் சுற்றிப் போனேன்.

"ஏடி, அது என்ன உங்க அத்தா காடா? மிதிச்சிட்டுப் போ, மணியாகுது."

"வெளஞ்சு கெடக்குக்கா."

நாலு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது உச்சிக்கு ஏறிவிட்டேன். அந்தப் பக்கம் ஆறு, பாலம், புகை வருகிற வீடுகள். நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.

"அங்கன போய் முடிக்கிற வேலை, மிஷன் ஒண்ணும் கிடையாதேடி. எதுக்குப் போன?"

"அதுக்குத்தான்க்கா போனேன்."

இப்போதுதான் கரண்ட் வந்தது; வந்ததும் இதை இங்கே போடுகிறேன். இந்த கேம் ஆடுகிறவர்கள் யாராவது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்குப் போயிருந்தால் பெயரை மட்டும் எழுதுங்கள். வழி சொல்ல வேண்டாம்.