வெட்டுப்பட்ட ஒன்பது வரிகள்

பென்சிலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அவளைக் கேட்டால், "முக்கியமானத முதல்ல சொல்லு" என்பாள். சரி, சொல்லிவிடுகிறேன். தன் அண்ணன் ஆடிய கடைசி ஆட்டத்தை அவள் பத்திரிகைக்கு எழுதினாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவனை உடைத்துப் போட்டது.

அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு, எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவள். எந்நேரமும் காதோரம் ஒரு பென்சில் செருகியிருப்பாள், பெயரும் அதுவே ஆகிவிட்டது. அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். இடது முழங்கால் வீங்கி வீங்கி வடிந்துகொண்டிருந்தது. இந்த சீசனோடு நிறுத்து, இல்லையென்றால் நடப்பதே சிரமமாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர்கள் அம்மாவுக்கு, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. ஆட்டங்கள் எல்லாம் சனிக்கிழமை, அம்மாவின் நீண்ட ஷிப்டும் சனிக்கிழமை. ஆறு வருஷத்தில் மகன் ஒரே ஒரு பந்தைப் பிடித்துக்கூட அவர் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் சேறு அப்பிய ஜெர்சியைத்தான்.

உள்ளூர்ப் பத்திரிகையில் திங்கள்தோறும் பள்ளி விளையாட்டுக்கு அரைப் பத்தி ஒதுக்குவார்கள். ஞாயிறு மதியத்துக்குள் போனில் யார் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். பென்சிலுக்கு மூளையில் பொறி தட்டியது.

"டீ நேரத்துல அம்மா படிக்கிறது அந்தப் பேப்பர்தான். கடைசி மேட்ச நான் எழுதுறேன்டா. அம்மா ஒரு தடவையாவது பாக்கட்டும்."

"நீயா? ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நீ தொண்ட கிழிய கத்துவ, ரெஃபரி காதுலயே வாங்க மாட்டாரு. அதான?"

அண்ணன் சிரித்துவிட்டான். "இங்க பாரு, என்னப் பத்தி ஏத்தி எழுதின, பேசவே மாட்டேன்."

"உள்ளதுதான் வரும். அண்ணன்னு ஒரு வரிகூட சேத்துப் போட மாட்டேன், போதுமா?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அங்கேதான் வினை.

இருபதாவது நிமிஷத்தில், குழந்தைகூடப் பிடித்துவிடும் ஒரு பந்து அண்ணனின் கையிலிருந்து நழுவி வலைக்குள் போனது. அப்புறம் நம் பையன்கள் இரண்டு கோல் அடித்தார்கள். கடைசி நிமிஷத்தில் எதிரணிக்குப் பெனால்டி. அந்த வீங்கிய காலோடு அண்ணன் பாய்ந்தான். விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்தில் மோதி வெளியே போனது. அவனால் எழவே முடியவில்லை. நான்கு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். வெற்றிக்காகவா, கால் போனதற்காகவா, எதற்கென்று தெரியாமல் எல்லோரும் அழுதோம்.

பென்சில் நோட்டில் இருபத்தொரு வரி எழுதினாள். நடந்தது நடந்த வரிசையில். பள்ளிக்கூடக் கட்டுரை எழுதிப் பழகிய கை அல்லவா, மிக நல்லதைக் கடைசிக்கு வைத்தது. பெனால்டிக்கு மட்டும் ஒன்பது வரி.

ஞாயிறன்று போனில் வாசித்தாள். விளையாட்டுப் பக்கத்து உதவி ஆசிரியர், "மெதுவாம்மா, ஒரு விரல்லதான் அடிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி முழுதும் எழுதிக்கொண்டார்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இடம் போதாவிட்டால் அந்த மேஜையில் யாரும் உட்கார்ந்து படித்துச் சுருக்க மாட்டார்கள். கீழிருந்து வெட்டுவார்கள், அதுதான் வழக்கம். அன்று மாலை ஒரு டயர் கடை விளம்பரம் வந்துவிட்டது. சரியாக ஒன்பது வரி உயரம்.

திங்கள் மாலை அம்மா பேப்பரை மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். அண்ணன் நாற்காலி மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"போகுது விடுடா. கை வழுக்குறது யாருக்கும் நடக்குறதுதான். வேலை செய்ற எடத்துலயும் அதத்தான் சொன்னேன்."

"என்னம்மா சொல்றீங்க?"

அம்மா படித்தார். பந்து நழுவியது இருந்தது, இரண்டு கோல் இருந்தது. அதற்குக் கீழே டயர்.

"அம்மா, கடைசில ஒரு பெனால்டி தடுத்தேன்."

"சரிப்பா."

"நெஜமாம்மா!"

"நான் இல்லன்னா சொன்னேன்? மொதல்ல சாப்புடு."

பென்சில் ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து ஒன்பது வரியையும் மூச்சிரைக்க வாசித்தாள். அம்மா முழுதும் கேட்டார். அவள் தலையைத் தடவினார். "தங்கச்சின்னா இப்படித்தான் இருக்கணும். அண்ணன் மனசு நோகக் கூடாதுன்னு எவ்ளோ அழகா எழுதியிருக்க!"

அவருக்கு, அச்சில் வந்ததுதான் நடந்தது, நோட்டில் இருந்தது தங்கையின் பாசம். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான்.

மறுநாள் பென்சில் பத்திரிகைக்குப் போன் போட்டாள்.

"வந்ததுல ஏதாவது தப்பு இருக்காம்மா?"

"இல்ல சார். வராம போனதுதான்..."

"வந்தது தப்புன்னா திருத்தம் போடலாம். வராததுக்கு என்னத்த திருத்தம் போட? அடுத்த தடவ முக்கியமானத மேல வச்சிடு. நல்லாத்தான் எழுதுற, வாராவாரம் சொல்லு."

இப்படித்தான் அவள் விளையாட்டு எழுத வந்தாள். ஆசைப்பட்ட வாசல் திறந்தது. உள்ளே நுழையும்போது அழுதுகொண்டே நுழைந்தாள்.

தேர்வு முடிந்ததும் அண்ணன் வேறு ஊரில் ஒரு கிடங்கில் கணக்கெடுக்கும் வேலைக்குப் போனான். பஸ் நிலையத்தில் அந்த நோட்டுத் தாளை அவன் கையில் கொடுத்தாள். நின்றபடியே படித்தான்.

"இடதுபக்கம் பாய்ந்தான்னு போட்டிருக்க. நான் வலதுபக்கம்ல பாஞ்சேன்?"

"எனக்கு எதுத்தாப்புலேர்ந்து அப்படித் தெரிஞ்சுதுடா."

காதிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்தினாள். "வச்சுக்கோ."

"நீயே வச்சுக்கோ. படிக்க வேண்டியவங்க படிச்சாச்சு." பையைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடியே பஸ் ஏறினான்.

இப்போது பென்சில் அதே பத்திரிகையில், அதே மேஜையில் வேலை செய்கிறாள். எங்கள் பள்ளி ஆட்டத்தை நான்தான் போனில் சொல்கிறேன். ஸ்கோரைக்கூட அப்புறம்தான் கேட்பாள். "கீப்பர் என்ன பண்ணான்? அத மொதல்ல சொல்லு."

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் அந்தப் பேப்பர் துண்டை அம்மா ஒட்டிவைத்திருக்கிறார். மகள் முதன்முதலில் எழுதியதாயிற்றே! ஓரத்தில் டயரின் பாதி வளையம்கூடத் தெரிகிறது. பெருமையோடு எனக்குக் காட்டினார். பென்சில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனின் சட்டைகள் இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கதவைத்தான் அவன் திறக்க வேண்டும்.