எங்கப்பா பேரை யாரு சொல்றது?

இன்னைக்குக் காலைல கொள்ளுப்பேத்திய எல்கேஜில சேக்கப் போனோம்.

(எனக்கு எண்பத்தெட்டு வயசு. நான் பேசுறேன், போனு எழுதுது. தப்பு இருந்தா போனைத் திட்டுங்க.)

பேத்தி ஒரு மாசமா பிள்ளைக்கு டிரெய்னிங் குடுத்திருக்கா. கலரு, வடிவம், டாடி பேரு, மம்மி பேரு.

மிஸ் கேட்டதும் பிள்ளை கடகடன்னு ஒப்பிச்சிருச்சு!

எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. நானும் ஒரு மாசம் டிரெய்னிங் எடுத்தவதான்.

ரெண்டாம் உலக யுத்தம் நடந்துக்கிட்டிருந்த சமயம். எங்க ஊரு ஆனையூர்ல அப்பல்லாம் எங்க பாத்தாலும் வயக்காடுதான். அப்பா பட்டாளத்துக்குப் போயிட்டாரு. அம்மா நடவு, களையெடுப்புன்னு கூலிக்குப் போவா.

பொட்டப்பிள்ளைக்கு எதுக்குப் படிப்புன்னு சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் சொன்னாங்க. அம்மா காதுலயே வாங்கல. (எனக்கும் அதே காதுதான்.)

ஒரே ஒரு சிக்கல். பள்ளிக்கூடத்துல அப்பா பேரக் கேப்பாங்க.

புருசன் பேர பொண்டாட்டி வாயால சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு அப்ப ஒரு நம்பிக்கை. அதுவும் அப்பா சண்டையில இருக்காரு. அம்மா எப்படிச் சொல்லுவா?

அதனால நான்தான் சொல்லணும். ஆனா எனக்கு அவரு அப்பா, அம்புட்டுதான். பேரெல்லாம் தெரியாது.

பக்கத்து வீட்டு அத்தைதான் டியூசன். தினமும் காலைல அத்தைக்கிட்ட கேட்டுட்டு ஓடி வந்து அம்மாக்கிட்ட ஒப்பிக்கணும். சரியாச் சொன்னா தலைய ஆட்டுவா. தப்பாச் சொன்னா மண்டையில ஒரு கொட்டு.

(சரியான விடைய மட்டும் சொல்ல மாட்டா. என்ன டீச்சரோ!)

சேக்குற அன்னைக்கு எண்ணெய் தடவி, இறுக்கிச் சடை போட்டு, இரவல் பாவாடையக் கட்டிவிட்டுக் கூட்டிட்டுப் போனா.

வாத்தியார் பெரிய ரிஜிஸ்டரத் திறந்து வச்சிக்கிட்டு எங்கிட்ட கேட்டாரு.

"உங்கப்பா பேரென்ன?"

அவரு மீசையப் பாத்ததும் ஒரு மாசப் படிப்பும் காலு வழியா ஓடிருச்சு. (ஆமா, நீங்க நெனச்சதுதான்.)

அடுத்து அம்மாக்கிட்ட கேட்டாரு. அம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அவருக்கும் அந்த வழக்கம் தெரியும். ஆனா இன்னைக்குத்தான் கடைசி நாளு, பேரு சொல்ற ஆளக் கூட்டிக்கிட்டு அடுத்த வருசம் வாங்கன்னு சொல்லி ரிஜிஸ்டர மூடிட்டாரு.

அம்மா எங் கைய இறுக்கிப் பிடிச்சா.

"மாயாண்டி. எழுதுங்கய்யா."

சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டா.

வாத்தியார் ரிஜிஸ்டரத் திறந்து எழுதிட்டாரு.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அழுதா. கருப்பசாமி கோயில்ல நின்னு, ஆயுசக் கொறைக்கணும்னா என்னோடதக் கொறைச்சுக்கன்னு சாமிக்கிட்ட சண்டை வேற. அதுக்கப்புறம் தபால்காரரு தெருவுக்குள்ள வந்தாலே கதவச் சாத்திக்குவா.

யுத்தம் முடிஞ்சு அப்பா முழுசா வந்து சேந்தாரு!

வந்த அன்னைக்கே நான் எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டேன். அப்பா அம்மாவப் பாத்துச் சிரிச்சாரு.

"எங்க, எனக்கு ஒருக்காச் சொல்லு பாப்போம்."

அம்மா விருட்டுன்னு அடுப்படிக்குள்ள போயிட்டா. அதுக்கப்புறம் அவரு சாகுற வரைக்கும் சொல்லல. செத்த அன்னைக்குக் கதறுனப்பக்கூட சொல்லல.

ஆயுசுக்கும் ஒரே தடவதான் சொன்னா. அதுவும் எனக்காக.

கைநாட்டு வச்ச அந்தப் பொம்பளையோட மக முப்பத்தஞ்சு வருசம் ஒண்ணாப்பு டீச்சரா இருந்தா. சேக்க வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கிட்டயும் நான் மொதல்ல அம்மா பேரத்தான் கேப்பேன்.

எங்கம்மா பேரு ஒச்சம்மா.

உங்கம்மா பேரு என்ன? கமெண்ட்ல சத்தமாச் சொல்லுங்க.