இண்டர்கூலருக்குப் போட்ட மாலை

கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்த புதிதில் அந்த வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். புருஷனோடு நாலு வார்த்தை நிம்மதியாகப் பேச முடியாது, யாராவது வந்து நிற்பார்கள். எனக்கென்று கிடைத்ததெல்லாம் அவருடைய காரில் போகும் கொஞ்ச நேரம்தான்.

பழைய டீசல் கார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி வேகம் கூட்டும் டர்போ ஒன்றை எங்கிருந்தோ தேடி மாட்டியிருந்தார். டர்போ அழுத்தித் தள்ளும்போது காற்று சூடாகிவிடும், அதை ஆற்றி இன்ஜினுக்கு அனுப்பத்தான் முன்னால் இண்டர்கூலர் என்று விளக்குவார். அது ஆற்றினால்தானே! பெங்களூர் ரோட்டில் கொஞ்ச தூரம் மிதித்தாலே வண்டிக்கு மூச்சு வாங்கும். ஞாயிறுதோறும் எதையாவது மாற்றிவிட்டுச் சோதிக்கக் கிளம்புவார். சூட்டைக் காட்டும் மீட்டரைப் படிக்க ஆள் வேண்டுமே, அது நான்.

"எவ்ளோ கீது, சொல்லு மே."

"அறுபத்தெட்டு. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

எங்கள் காதல் வசனம் அவ்வளவுதான். எனக்கு அதுவே இனித்தது.

அந்த வருஷம், காற்று நேராக இண்டர்கூலரில் போய் அடிக்கட்டும் என்று தகரத்தில் ஒரு கூண்டு செய்து மாட்டினார். "இதுக்கும் மசியலன்னா வித்துட வேண்டிதான்" என்றார். வண்டி போனால் எனக்கென்று கிடைத்த அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடுமே. ஆயுத பூஜைக்கு மறுநாள் குமணன்சாவடி தாண்டி மிதித்தார். எழுபத்தைந்து! முன்னைவிட மோசம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். அடக் கடவுளே! மாமியார் கட்டிய மாவிலைத் தோரணமும் தடித்த சாமந்தி மாலையும் கிரில்லை மொத்தமாக மூடியிருந்தன. பூஜைக்குக் கட்டியது தானாகக் காய்ந்து விழ வேண்டும், கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனாலேயே கண்ணெதிரே இருந்தும் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

"அவுக்காத மே, அம்மா வையும்."

"வையட்டும். எனக்கு இந்த வண்டி வேணும்."

அவிழ்த்துப் பின் சீட்டில் வைத்தேன். மறுபடி மிதித்தார். மீட்டர் இறங்கிக்கொண்டே வந்து நாற்பத்தெட்டில் நின்றது. வண்டி சும்மா பறந்தது. அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நானோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னா மே, அயுவுற?"

"அதான் சரியாயிடுச்சே. இனிமே டெஸ்ட்டுக்கு என்னியக் கூப்பிட மாட்டீங்கல்ல?"

அவர் வேகத்தைக் குறைத்தார்.

"யாரு சொன்னா சரியாயிடுச்சின்னு? மெதுவாப் போனா எப்டி கீதுன்னு இன்னும் பாக்கவே இல்லியே மே."