ஆமைக்குக் கிடைத்த புள்ளி

எங்கள் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் மறதி தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இருந்த ஒழுங்கையே அவருக்கு அடையாளம் தெரியாமல் போனது. குடித்துக் குடித்து மூளை கெட்டுவிட்டது என்றார்கள். அவர் குடிக்கிறவர் அல்ல. அது பரம்பரையாக வருகிற அல்சைமர் என்பது பல வருடங்கள் கழித்து, அக்காவின் இரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது. அக்காவுக்கும் அது இருந்தது. என்னையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். பிறகு பார்ப்போம் என்றேன். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லொறி, இரத்மலானையில் பிளாஸ்டிக் தொழிற்சாலை, கட்டாரில் கட்டட வேலை என்று எங்கும் நிலைக்காதவன். அக்கா வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். இந்த நோய்க்குப் புதிய மருந்து ஒன்றைப் பரிசோதிக்க ஆட்கள் தேவை என்று மருத்துவர் சொன்னதும் பெயர் கொடுத்துவிட்டாள். கூட இருந்து அவளைக் கவனித்துச் சொல்ல ஒருவர் வேண்டுமாம். என்னை விட்டால் அவளுக்கு ஆள் இல்லை. பையோடு வந்து அவள் வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டேன்.

நோய் முற்றாதவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். அதற்கு ஒரு சோதனை. படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் அதை நடத்தினாள். முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

“சார், அக்கா வீட்ல பொருளுங்க பேரை மாத்திச் சொல்றாங்களா? இதைப் பார்த்து ஆமைன்னு சொன்னாங்க. இன்னும் ஒரு மார்க் இருந்தா எடுத்திருக்கலாம்.”

படத்தில் இருந்தது ஒரு பூட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மிஸ், அது ஆமைதான்.”

அவள் என்னையும் ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற சிங்களத் தாதியிடம் படத்தை நீட்டி, “மேக்க மொகத்த?” என்று கேட்டேன். இது என்ன என்று.

“இப்பா,” என்றார் அவர், இதையுமா கேட்பது என்பதுபோல.

சிங்களத்தில் இப்பா என்றால் ஆமை. பூட்டுக்கும் அதே பெயர்தான். தமிழில் நாங்கள் ஆமைப்பூட்டு என்போம். எங்கள் வீட்டில் அதிலும் பாதியை விழுங்கி, “ஆமையைப் போட்டியா?” என்றுதான் கேட்போம்.

“ஐயோ!” என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சீப்புப் படத்தை எடுத்தாள். “இதுக்கு ஒண்ணுமே சொல்லலை சார். இதுக்கும் உங்க ஊர்ல வேற பேர் இருக்கா?”

“இல்ல மிஸ். சீப்புத்தான்.”

அதற்குப் பிறகு இருவரும் சிரிக்கவில்லை.

குறைந்த அந்த ஒரு புள்ளியைத் தானாகப் போட அவளுக்கு அதிகாரம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாள். கேட்காமல் விட்டிருந்தாலும் அவளை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆமைக்குப் புள்ளி கிடைத்தது. அக்காவை எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். நேரில் சரியாகச் சொல்லாத நன்றியை இங்கே சொல்கிறேன்.

இப்போது மாதத்தில் ஒரு நாள் அக்காவின் கையில் மருந்து ஏற்றுகிறார்கள். பையில் இருப்பது மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா என்று தாதிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பரிசோதனையின் முறை அப்படி.

“டேய், எனக்கு வாறது வெறும் தண்ணியா இருந்தா?” என்று கேட்டாள் அக்கா.

“தண்ணி ஏத்தின ஆக்களும் இருந்தாத்தான் மருந்து வேலை செய்யுதா எண்டு கண்டுபிடிக்கலாமாம்.”



“அப்ப எப்பிடியும் வீணாப் போகாது,” என்று சொல்லிவிட்டு, மற்றக் கையால் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.